அம்மாவின் உயரம்

அம்மாவுக்கு வென்டிலேட்டர் போட்ட அன்று சாயங்காலம், பார்வை நேரத்தில் நான் உள்ளே போனபோது ஒரு சிஸ்டர் அம்மாவின் உச்சந்தலையில் இஞ்ச் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொருவர் போர்வையை விலக்கி, மடங்கியிருந்த முழங்காலை மெல்ல அழுத்தி நேராக்கி, டேப்பைக் குதிகால் வரை இழுத்தார். தையல்கடையில் கழுத்தில் தொங்குமே, அதே மஞ்சள் டேப். "பாட்டி, காலை மட்டும் கொஞ்சம் நீட்டிக்கிடுதேன்" என்று, மயக்க மருந்தில் கிடந்த அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் தொட்டார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அசைவில்லாமல் படுத்திருப்பவரை எதற்கு அளப்பார்கள்? மனசு போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போனது.

"அட்மிஷன்ல உங்க அண்ணன் அஞ்சடி மூணு இஞ்சுன்னு சொல்லியிருக்காரு. அளந்தா 149 சென்டிமீட்டர்தான் வருது" என்றார் சிஸ்டர். கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டு டூட்டி டாக்டரிடம் போனார். டாக்டர் வந்து மெஷினில் ஒரு எண்ணைக் குறைத்தார். 315 இருந்த இடத்தில் 255 வந்தது.

"அது என்ன டாக்டர்?"

"ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று போகணும்கிற அளவு. மில்லியில."

மூச்சு வாங்க முடியாமல்தான் அம்மாவைக் கொண்டுவந்தோம். இவர்கள் காற்றைக் குறைக்கிறார்கள். மானிட்டரில் ஆக்ஸிஜன் 90 என்று காட்டியது. கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்துப் பழகிய எனக்கு 90 என்றால் பதற்றம். "98 வரணும்லா டாக்டர்?" என்று கேட்டேன். "இப்போதைக்கு 90 போதும்மா" என்றார். பத்து நிமிடம் முடிந்துவிட்டது. வெளியே வந்து இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்று ராத்திரி முழுக்க அந்த 255தான் கண்ணுக்குள் நின்றது. ஆவின் அரை லிட்டர் பாக்கெட்டில் பாதி. ஒரு பெரிய மனுஷிக்கு ஒரு மூச்சுக்கு அவ்வளவுதானா?

அம்மாவுக்கு வந்தது ஸ்க்ரப் டைஃபஸ். பத்திரிகைகளில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது. எங்கள் தென்காசிப் பக்கம் மழை ஓய்ந்த மாதங்களில் வரும். அம்மா கொல்லைக்குப் பின்னால் ஆட்டுக்குப் புல் அறுக்கப் போவாள். ஐந்து நாள் காய்ச்சலுக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே நடமாடினாள். ஆறாம் நாள் மூச்சு இரைத்தது. டெங்கு இல்லை, மலேரியா இல்லை. அட்மிஷன் அன்று சேலையை மாற்றிவிட்ட சிஸ்டர்தான், பாவாடை நாடா கட்டும் இடத்தில் அந்தப் பொருக்கைக் கண்டுபிடித்தார். பீடிக் கங்கு பட்டதுபோல் கறுப்பாக, சுற்றிலும் சிவந்து, சுண்டுவிரல் நகம் அளவு. அது வலிக்காது, அரிக்காது. அம்மாவே பார்த்திருக்கவில்லை.

அதற்குள் நுரையீரல் கெட்டுவிட்டது. ஏஆர்டிஎஸ் என்றார்கள். எதனாலோ உடம்பு முழுக்க எழுந்த அழற்சியில் நுரையீரலின் சிற்றறைகளுக்குள் நீர் கசிந்து, காற்று இருக்க வேண்டிய இடத்தை நிரப்பிவிடுகிறது. உண்ணிக் காய்ச்சல், நிமோனியா, கொரோனா, பெரிய விபத்து, எந்த வழியாகப் போனாலும் வந்து சேரும் இடம் இது.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அம்மா வீட்டுக்கு வந்து, உடம்பு தேறி, நானும் ராத்திரி தூங்க ஆரம்பித்த பிறகுதான் அந்த 255 எங்கிருந்து வந்தது என்று தேடினேன். உயரத்தை வைத்து ஒருவரின் எடையைக் கணக்கிடும் ஒரு சூத்திரம் கிடைத்தது. பெண்களுக்கு: உயரத்திலிருந்து 152.4 சென்டிமீட்டரைக் கழித்து, 0.91ஆல் பெருக்கி, 45.5ஐக் கூட்ட வேண்டும். அம்மாவுக்குப் போட்டால் 42.4 கிலோ வருகிறது. கிலோவுக்கு 6 மில்லி என்று இதை 6ஆல் பெருக்கினால் 254. அண்ணன் சொன்ன ஐந்தடி மூன்று இஞ்சைப் போட்டால் 314. பேப்பரில் இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவின் நிஜ எடை 66 கிலோ. அதை அவர்கள் கணக்கில் எடுக்கவே இல்லை. உடம்பு பெருத்தால் நுரையீரல் பெருப்பதில்லை. அது உயரத்தோடு நின்றுவிடுகிறது. குள்ளமான, கொஞ்சம் பருமனான ஒரு பெண்ணுக்கு எடையைப் பார்த்துக் காற்றைக் கொடுத்தால், தாங்க முடியாத அளவு உள்ளே போகும். கண்மதிப்பில் உயரம் போட்டாலும் அதே கதைதான். வென்டிலேட்டரில் இருக்கும் பெண்களுக்கும் குள்ளமானவர்களுக்கும் மற்றவர்களைவிட அதிகமாக அளவு மீறிக் காற்று போகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த மஞ்சள் டேப்பை எடுத்து வந்த சிஸ்டரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சரி, அந்த 6 எங்கிருந்து வந்தது?

ஏஆர்டிஎஸ்ஸை 1967இல்தான் ஒரு தனி நோய்நிலையாக எழுதிவைத்தார்கள், அமெரிக்காவின் டென்வர் மருத்துவர்கள், 12 நோயாளிகளைப் பார்த்து. அதற்குப் பிறகு பல வருஷம், ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி வரை காற்றைக் கொடுப்பதே வழக்கமாக இருந்தது. ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுத்தவர்களுக்குப் பெரிய மூச்சாகக் கொடுத்தால் நுரையீரல் சுருங்காது, ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறும் என்று 1960களில் கண்டிருந்தார்கள். அந்தப் பழக்கம் ஐசியூவுக்கும் வந்தது. பெரிய மூச்சு கொடுத்தால் எண் நன்றாக இருக்கும். எண் நன்றாக இருந்தால் ஆளும் நன்றாக இருப்பார் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து அதைத்தானே நம்பினேன்.

1980களில் இத்தாலியில் லூசியானோ கத்தினோனி என்ற மருத்துவர் இந்த நோயாளிகளை சிடி ஸ்கேனில் வைத்துப் பார்த்தார். நுரையீரல் முழுவதும் விறைத்துப்போயிருக்கும் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தார்கள். ஸ்கேனில் வேறு மாதிரி தெரிந்தது. முதுகுப் பக்கம் பெரும்பகுதி நீர் கோத்து மூடிக்கிடந்தது. முன்பக்கம் ஒரு சின்னப் பகுதி மட்டும் திறந்து, ஏறக்குறைய நல்லபடியாக இருந்தது. பெரியவரின் நெஞ்சுக்கூட்டுக்குள் ஐந்தாறு வயதுக் குழந்தையின் அளவுக்குத்தான் நுரையீரல் மிச்சம். அதற்கு அவர்கள் வைத்த பெயரே குழந்தை நுரையீரல். பெரிய ஆளுக்கான காற்று முழுவதும் அந்தச் சின்ன இடத்துக்குள் போய், நன்றாக இருப்பதையும் ஊதிக் கிழிக்கிறது.

ஆனால் ஸ்கேனும் யூகமும் போதாது. 1996 முதல் 1999 வரை அமெரிக்காவின் 10 பல்கலைக்கழக மையங்களில் 861 நோயாளிகளை, சீட்டுக் குலுக்குவதுபோல, இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 12 மில்லி, இன்னொன்றுக்கு 6. அம்மாவின் அளவில் சொன்னால், ஒரு குழுவுக்கு ஒவ்வொரு மூச்சும் அரை லிட்டர் பாக்கெட் முழுசு, இன்னொரு குழுவுக்குப் பாதி.

முதல் சில நாள் பெரிய மூச்சு பெற்றவர்களுக்குத்தான் ரத்தத்தில் ஆக்ஸிஜன் நன்றாக இருந்தது. அந்த வார்டுகளில் இரண்டு கட்டிலுக்கு நடுவே நின்று மானிட்டரைப் பார்த்திருந்தால், நானும் என் அம்மாவைப் பெரிய மூச்சுப் பக்கமே மாற்றச் சொல்லியிருப்பேன். அந்தப் பக்கம் 100க்கு ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். சின்ன மூச்சுப் பக்கம் 31 பேர். வித்தியாசம் இவ்வளவு தெளிவாக வந்துவிட்டதால், திட்டமிட்ட எண்ணிக்கை முடியும் முன்பே ஆய்வை நிறுத்தினார்கள். 2000இல் முடிவு வெளியானது. அம்மாவுக்கு 90 போதும் என்று டாக்டர் சொன்னாரே, அதுவும் அந்த ஆய்வில் வைத்த இலக்குதான்: 88இலிருந்து 95 வரை.

எத்தனையோ முறை வாசித்துவிட்டேன், இந்த இடம் வந்தால் நின்றுவிடுகிறேன். எண் கூடிய பக்கம் ஆள் போயிருக்கிறார்கள், எண் குறைந்த பக்கம் பிழைத்திருக்கிறார்கள். எவ்வளவு அனுபவமுள்ள மருத்துவராக இருந்தாலும் ஒரு கட்டிலருகே நின்று இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. எண்ணூறுக்கு மேற்பட்ட கட்டில்கள் வேண்டியிருந்தன.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது அதற்குப் பின் நடந்தது. 2016இல் 50 நாடுகளின் 459 ஐசியூக்களைப் பார்த்த ஓர் ஆய்வு வந்தது. ஏஆர்டிஎஸ் நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவானவர்களே கிலோவுக்கு 8 மில்லி அல்லது அதற்குக் கீழே பெற்றுக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் ஆகியும் இந்த நிலை. புது மருந்து வாங்க வேண்டியதில்லை, புது மெஷினும் வேண்டியதில்லை. அளந்து பார்த்து ஒரு எண்ணைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.

அந்த இரும்பு நாற்காலியில் எனக்குத் தெரியாத இன்னொரு கதை, இப்படி வெளியிலிருந்து மூச்சு கொடுக்க மனிதர்கள் எப்படிக் கற்றார்கள் என்பது. 1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ கொள்ளைநோயாகப் பரவியது. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசை செயலிழந்து வந்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். இருந்தது ஒரே ஓர் இரும்பு நுரையீரல் மெஷினும் சில சிறு கருவிகளும். ஆகஸ்ட் மாதக் கடைசியில் பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவரைக் கூப்பிட்டார்கள். மூச்சு நின்றுகொண்டிருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டு, குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றை உள்ளே அனுப்பினார். அவள் பிழைத்தாள். ஆனால் அந்தப் பையை அமுக்குவதை நிறுத்த முடியாதே. ஊரிலிருந்த மருத்துவக் கல்லூரி மாணவர்களைக் கூப்பிட்டார்கள். சுமார் 1500 பேர் வந்தார்கள். கட்டிலுக்கு ஒருவராக உட்கார்ந்து, ஷிப்ட் மாற்றி, இரவும் பகலும், மாதக்கணக்கில் பையை அமுக்கிக்கொண்டே இருந்தார்கள். 100க்கு 87 என்றிருந்த சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. அடுத்த வருஷம் இப்சன் அதே ஊரில் இன்னொரு மருத்துவமனையில் இப்படிப்பட்ட நோயாளிகளுக்காகவே தனி வார்டு தொடங்கினார். இன்று நாம் ஐசியூ என்று சொல்வது அங்கே தொடங்கியது.

இருபது வயசு மாணவன் ஒருத்தன், பேர் தெரியாத ஒரு பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து, தன் கையின் இறுக்கத்தில் அதன் மூச்சை வைத்திருந்ததை நினைத்துப் பார்க்கிறேன். பை இறுகினால் அவன் விரலுக்குத் தெரியும். மெஷினுக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டியிருந்தது.

மறுபடி அம்மாவிடம் வருகிறேன். மூன்றாம் நாள் உள்ளே போனால் அவள் குப்புறக் கிடந்தாள். முகம் ஒரு பக்கமாகத் திரும்பி, கன்னமும் இமையும் வீங்கி, வாயோரம் குழாய். ஐந்து பேர் சேர்ந்து திருப்பினார்களாம். ஒருவருக்கு வேலையே தலைமாட்டில் நின்று குழாய் நழுவாமல் பிடித்துக்கொள்வது. "16 மணி நேரம் இப்படியே இருப்பாங்க" என்றார் சிஸ்டர். எனக்குப் பார்க்கவே முடியவில்லை. முதுகுப் பக்கம் மூடிக்கிடக்கும் நுரையீரல் குப்புறப் போட்டால் திறக்கிறது. 2013இல் வெளிவந்த, பெரும்பாலும் பிரான்சில் நடந்த ஆய்வு ஒன்றில், 466 நோயாளிகளில் வழக்கப்படி மல்லாந்து கிடந்தவர்களில் 28 நாளுக்குள் 100க்கு 33 பேர் இறந்தார்கள். குப்புறப் போட்டவர்களில் 16. பாதிக்குப் பாதி.

அண்ணனுக்கு வேறு கவலை. "சுகர் 168 காட்டுது, ஊசி போடாம வச்சிருக்காங்க" என்று சிஸ்டரிடம் சத்தம் போட்டான். அம்மாவுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை உண்டு. 168 என்றால் வீட்டில் சோற்றைக் குறைப்போம். ஐசியூவிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். பெல்ஜியத்தின் லூவனில் 2001இல் ஓர் ஆய்வு, சர்க்கரையை 110க்குக் கீழே இறுக்கிப் பிடித்தால் சாவு குறைகிறது என்றது. உலகமே அதன் பின்னால் போனது. 2009இல் 6104 பேரிடம் செய்த பெரிய ஆய்வில் அது தலைகீழாகிவிட்டது. இறுக்கிப் பிடித்த குழுவில் 90 நாளில் 27.5 சதவீதம் பேர் இறந்தார்கள். 180க்குள் இருந்தால் போதும் என்று விட்ட குழுவில் 24.9. அந்த சிஸ்டர் சும்மா இருந்துவிடவில்லை. மணிக்கொரு தரம் பார்த்து, வேண்டாத ஊசியைப் போடாமல் இருந்தார்.

நான்காம் நாள் மத்தியானம் ஒரு சின்ன வயசு டாக்டர் கையில் படிவத்தோடு வந்தார். அங்கே ஓர் ஆய்வு நடக்கிறது, அம்மாவைச் சேர்த்துக்கொள்ள வீட்டார் சம்மதம் வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். அண்ணன் முழுக்கக் கேட்கக்கூட இல்லை. "எங்கம்மா என்ன சோதனை எலியா?" என்றான். வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அவர் முகம் வாடாமல், "சரிங்க சார், இதனால வைத்தியத்துல எந்த மாற்றமும் இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஒன்றும் பேசவில்லை. அண்ணன் சொன்னது சரி என்றுதான் அன்றைக்கு எனக்கும் பட்டது.

அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். தாய் சாகக் கிடக்கும்போது நீட்டப்படும் காகிதம் எதுவானாலும் பயமாகத்தான் இருக்கும். மறுக்கவும் நமக்கு உரிமை இருக்கிறது, இருக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் அம்மாவின் கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்தை இப்போது யோசிக்கிறேன். டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டும் சேர்த்து. கடுமையான உண்ணிக் காய்ச்சலுக்கு எது நல்லது என்பதற்கு வெகுகாலம் உறுதியான விடை இல்லை. வேலூர் சிஎம்சியின் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் 7 மையங்களில், ஏறக்குறைய 800 நோயாளிகளிடம் ஆய்வு செய்து 2023இல் வெளியிட்டார்கள். சாவு, ஏழாம் நாளிலும் தீராத உறுப்புக் கோளாறு, ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சல், இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள், ஒரு மருந்து மட்டும் பெற்றவர்களில் 100க்கு 47, 48 பேர். இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 33 பேர். சாவை மட்டும் தனியே எடுத்தால் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் சீக்கிரம் தேறுகிறார்கள்.

அந்த எண்ணூறு பேரும் நம்மைப் போன்றவர்கள். புல் அறுக்கப் போனவர்கள், வயலுக்குப் போனவர்கள். அவர்களுக்காக எத்தனை அண்ணன்மாரும் தங்கச்சிமாரும் இதே மாதிரி வராந்தாவில் நின்று கையெழுத்துப் போட்டிருப்பார்கள். தங்கள் ஆளுக்கு எந்த மருந்து விழும் என்று தெரியாமல், எது நல்லது என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் போட்ட கையெழுத்து. அமெரிக்காவில் அந்த 861 பேரும் அப்படித்தான். மயக்கத்தில் கிடந்தவர்களுக்காகப் பெரும்பாலும் உறவுக்காரர்கள்தான் சம்மதம் சொல்லியிருக்க முடியும். 12 மில்லிப் பக்கம் விழுந்தவர்களின் வீட்டாரை அடிக்கடி நினைக்கிறேன். அவர்களிடம் யாராவது வந்து நன்றி சொல்லியிருப்பார்களா?

ஏழாம் நாள் காலை மயக்க மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். தினமும் ஒரு முறை நிறுத்தி எழுப்பிப் பார்த்தால் வென்டிலேட்டரிலிருந்து சீக்கிரம் விடுபடுகிறார்கள் என்று 2000இல் சிகாகோவில் கண்டிருந்தார்கள். அதற்கு முன்பெல்லாம் ஆழ்ந்த தூக்கத்திலேயே வைத்திருப்பதுதான் கருணை என்று நினைத்தார்களாம். நான் போனபோது அம்மா கண்ணைத் திறந்திருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு, கட்டிலுக்குக் கீழே பார்வையால் எதையோ காட்டிக்கொண்டே இருந்தாள். குழாய் எடுத்த பிறகுதான் தெரிந்தது: ஐசியூ முழுக்க ஆடு நிற்கிறது, யாரும் அவிழ்த்துக் கட்டவில்லை என்று தவித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்தும் இரண்டு மாதம் பேர்கள் மறந்தன, அடுப்பில் பால் வைத்ததை மறந்தாள். அதைப் பற்றியும் எழுத நிறைய இருக்கிறது, தனியாக எழுதுகிறேன்.

மூன்றாம் மாதச் செக்கப்புக்குப் போனபோது அண்ணன் அந்தச் சின்ன டாக்டரைத் தேடினான். வேறு ஊருக்குப் போய்விட்டாராம். "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்க வேண்டாம் பிள்ள" என்று பஸ் ஸ்டாண்டில் என்னிடம் சொன்னான். அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை.

நான் ஒன்று செய்திருக்கிறேன். அம்மாவின் மருத்துவ ஃபைலில் முதல் பக்கத்தில், சர்க்கரை மருந்துக்கும் மேலே, பெரிய எழுத்தில் உயரத்தை எழுதிவைத்தேன். அப்பாவுக்கும், அண்ணனுக்கும், எனக்கும் அளந்து எழுதியாயிற்று. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அளப்பதற்கு வைத்திருக்கும் டேப்பைக் கொண்டுவந்து, வாசல் நிலையில் ஒவ்வொருவராக நிறுத்தி அளந்தேன்.

அம்மா ஃபைலைப் பார்த்தாள். "யாருட்டி இது 149? நான் அஞ்சடி. கல்யாணத்துக்கு உங்க தாத்தா அஞ்சடின்னு சொல்லித்தான் பேசி முடிச்சாரு" என்றாள். நிலையோடு ஒட்டி நின்று, குதிகாலைச் சுவரில் அழுத்தி, நாடியை நிமிர்த்திக்கொண்டாள். "இப்ப அளந்து பாரு."

அளந்தேன். பென்சிலால் கோடு போட்டேன்.